வேர் வாடலுக்கு மருந்து கேட்டவருக்கு

கேள்வி இதுதான். ஆனைமலைப் பக்கம் நாலு ஏக்கர் தோப்பு, அப்பா வைத்த நெட்டை மரங்கள். சில வருடமாக ஒவ்வொரு மரமாக மஞ்சள் பூத்து, ஓலை தொய்ந்து, காய் சிறுத்துப் போகிறது. 'கேரளா வாடல்', அதாவது வேர் வாடல், என்கிறார்கள். உரக்கடையில் போய்க் கேட்டால் ஆளுக்கொரு டப்பாவை நீட்டுகிறார்கள். "நூறு வருஷமாகத் தென்னைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறார்களே, இதற்கு ஒரு மருந்து கண்டுபிடிக்க முடியவில்லையா? வெட்டிவிட்டால் அடுத்து என்ன கன்று வைக்கலாம்?"

முதலில் நேரடிப் பதில்: வேர் வாடலைக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. டப்பாவில் என்ன அச்சடித்திருந்தாலும் இல்லை. ஆராய்ச்சி இதற்குக் கண்ட விடை நோயைத் தாங்கி நிற்கும் கன்று. அந்தக் கன்று ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது, வந்த பிறகும் ஏன் உங்கள் தோப்புக்கு எட்டவில்லை என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

அதற்கு முன், உங்கள் மரத்துக்கு வந்திருப்பது அதுதானா என்று பார்த்துவிடுங்கள். நம் ஊரில் ஓலை தொங்கினாலே 'வாடல்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு வாடல்கள் உண்டு, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பகுதியில் கவனத்துக்கு வந்தது தஞ்சாவூர் வாடல். அது கானோடெர்மா என்ற பூஞ்சையின் வேலை. மண்ணில் இருந்து வேர் வழியாகப் புகுந்து அடிமரத்தை அழுக வைக்கும். தரையை ஒட்டிய தண்டுப் பகுதியில் விரிசல் வழியாகச் செம்பழுப்புச் சாறு வடிந்து, காய்ந்து, கறையாக நிற்கும். கடைசிக் கட்டத்தில் அடியில் காளான் தட்டு முளைக்கும். இந்த வாடல் மரத்தைக் கொன்றுவிடும்.

வேர் வாடலில் அடிமரம் சுத்தமாக இருக்கும். நீங்கள் அண்ணாந்து கொண்டையைப் பார்க்க வேண்டும். மட்டையின் இரு பக்கமும் உள்ள சிற்றிலைகள் விறைப்பு இழந்து உள்பக்கமாக வளைந்து, விலா எலும்பு வரிசை போலத் தெரியும். அதுதான் முதல் அடையாளம். அப்புறம் அடி அடுக்கு ஓலைகள் மஞ்சளாகி ஓரம் கருகும். வெடிக்காத பாளை ஒன்றை இறக்கிப் பிளந்து பாருங்கள். கதிர்கள் நுனியில் இருந்து கருகியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். குரும்பை கொட்டும், காய் சிறுக்கும், பருப்பு மெலியும். ஆனால் மரம் உடனே சாகாது. காய்ப்பு குறைந்துகொண்டே போக, வருடக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். மஞ்சள் மட்டும் இருக்கிறது, ஓலை விறைப்பாகவே இருக்கிறது என்றால் அது பொட்டாஷ் அல்லது மக்னீசியக் குறைபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைப் போய் வாடல் என்று நம்பி நல்ல மரத்தை வெட்டிவிடாதீர்கள்.

தஞ்சாவூர் வாடலாக இருந்து, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மருந்துக்குப் பலன் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இது: ஹெக்சகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி 2 மில்லியை 100 மில்லி தண்ணீரில் கலந்து வேர் வழியாகச் செலுத்துவது; கூடவே மரத்துக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் மண்ணில் இடுவது. வேர் வழி மருந்து கட்டுவதில் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். பென்சில் கனத்தில், வெட்டினால் ஈரம் தெரிகிற உயிருள்ள வேரைத் தேடிப் பிடித்து, நுனியைக் கூரான கத்தியால் சாய்வாகச் சீவி, மருந்து உள்ள பாலித்தீன் பைக்குள் வேர் நுனி அடியில் முட்டும்படி நுழைத்துக் கட்ட வேண்டும். மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும். பை காலியாக இருந்தால் வேர் குடித்திருக்கிறது. அப்படியே இருந்தால் அது செத்த வேர், வேறொன்றைத் தேடுங்கள். கட்டுவதற்கு முன் முற்றிய காய்களை வெட்டிவிட்டு, அடுத்த 45 நாள் அந்த மரத்தில் இளநீர்கூட இறக்காமல் இருப்பது நல்லது. ஒரு மரத்துத் தண்ணீர் இன்னொரு மரத்துக்கு ஓடாதபடி தனித்தனி வட்டப்பாத்தி போடுவதும் இந்த நோய்க்கு மிக முக்கியம்.

சரி, வேர் வாடலுக்கு வருவோம். 1882 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் மீனச்சில் தாலுகா ஈராற்றுப்பேட்டையில் இந்த நோயை முதலில் கவனித்தார்கள். அங்கிருந்து ஆலப்புழை, கொல்லம் என்று விரிந்து, மலை இடைவெளிகளைத் தாண்டிச் செங்கோட்டை, கம்பம், பொள்ளாச்சி வரை வந்துவிட்டது. இதற்கென்றே 1947-இல் காயங்குளத்தில் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். ஆனால் காரணத்தைப் பிடிக்கவே நூறு வருடம் ஆயிற்று. பூஞ்சை என்றார்கள், நூற்புழு என்றார்கள், வைரஸ் என்றார்கள், மண்ணில் சத்து இல்லை என்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் ஆதாரமும் கிடைத்தது. அழுகிய வேரில் பூஞ்சையும் இருக்கும், நூற்புழுவும் இருக்கும், சத்துக் குறைவும் இருக்கும். எது முதலில் வந்தது என்பதுதான் தெரியவில்லை. 1983-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் நோயுற்ற மரங்களின் உணவுக் குழாய்த் திசுவில் பைட்டோபிளாஸ்மா தென்பட்டது.

பைட்டோபிளாஸ்மா என்பது செல்சுவர் இல்லாத ஒரு நுண்ணுயிர். மரம் இலையில் தயாரித்த சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் கொண்டுபோகும் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒருவகைத் தத்துப்பூச்சியும் ஓலைச் சாற்றை உறிஞ்சும்போது இதையும் எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகின்றன. ஆக, பெயரில் வேர் இருந்தாலும் நோய் வந்து சேர்வது ஓலை வழியாகத்தான். மண்ணில் எதைக் கொட்டினாலும் அது போய்ச் சேர வேண்டிய இடம் அங்கே இல்லை.

அடக்கும் மருந்து ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக். தண்டில் ஊசியாகச் செலுத்தினால் அறிகுறிகள் தணியும். நிறுத்தினால் திரும்ப வரும். அப்படியானால் ஒவ்வொரு மரத்துக்கும், அதன் ஆயுள் முழுக்க, நாம் இளநீர் குடிக்கிற மரத்தில் ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த ஆராய்ச்சி நிலையமும் அதைப் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான். பூச்சியை ஒழித்தால் போதாதா என்றால், ஐம்பது அடி உயரத்தில் எல்லா மரத்துக்கும் எத்தனை தடவை அடிப்பீர்கள்? பக்கத்துத் தோப்புக்காரர் அடிக்காவிட்டால்? அந்தக் கண்ணாடி இறக்கைப் பூச்சி வாழையிலும் வாழும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்குள் வாழை இல்லாத தோப்பு எது?

இந்த நிலையில் காயங்குளத்தார் எடுத்த வழிதான் எனக்குப் பிடித்தது. நோய் ஊறிப்போன தோப்புகளுக்குள் போய், சுற்றிலும் மரங்கள் நொந்து நிற்க, நடுவில் பல ஆண்டு பச்சையாக நின்று நன்றாகக் காய்க்கும் மரங்களைத் தேடினார்கள். அவற்றைச் சோதித்து, உள்ளே நோய் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதி செய்து, தாய்மரமாகக் குறித்தார்கள். அதில் சாவக்காடு பச்சைக் குட்டை ரகத்துக்குத்தான் தாங்கும் திறன் அதிகம் என்று தெரிந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்தது கல்பஸ்ரீ. மலேசியப் பச்சைக் குட்டையில் இருந்து கல்பரக்ஷா. சாவக்காடு பச்சைக் குட்டையைத் தாயாகவும் மேற்குக் கடற்கரை நெட்டையைத் தந்தையாகவும் வைத்த ஒட்டு கல்ப சங்கரா. நோய் உள்ள இடத்தில் நடலாம் என்று பரிந்துரைக்கப்பட்டவை இந்த மூன்றும்.

இதற்குப் போய் இத்தனை வருடமா என்று தோன்றும். நெல்லில் ஆராய்ச்சி செய்பவர் வருடத்துக்கு இரண்டு மூன்று தலைமுறை பார்த்துவிடுவார். நெட்டைத் தென்னை முதல் பாளை விடவே 5 முதல் 7 ஆண்டு. காய்ப்பு நிலைப்பட இன்னும் சில ஆண்டு. நோயைத் தாங்குமா என்று தெரிய, நோய் உள்ள தோப்பிலேயே நட்டுப் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டும். ஓர் ஆராய்ச்சியாளர் வேலையில் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் தென்னையில் இரண்டு தலைமுறை பார்த்தால் பெரிய விஷயம். ஒட்டு ரகம் என்ற எண்ணமே பழையதுதான். காசர்கோடு, நீலேசுவரம், பிலிக்கோடு ஆகிய இடங்களில் சென்னை மாகாண அரசு தென்னைக்குப் பண்ணைகள் தொடங்கியது 1916-இல். 1932-இல் நீலேசுவரத்தில் ஜே.எஸ். பட்டேல் நெட்டையையும் குட்டையையும் கலந்து முதல் ஒட்டுக் கன்றை உண்டாக்கினார். குட்டை போலச் சீக்கிரம் காய்த்தது, நெட்டையை விட அதிகம் காய்த்தது. தொண்ணூறு வருடம் கழித்தும் நம் தோப்புகளில் பெரும்பாலானவை நாட்டு நெட்டைதான். பிரச்சினை எங்கே என்றால், பெருக்குவதில்.

தென்னைக்கு ஒரே ஒரு குருத்து. கிளை இல்லை, பக்கக் கன்று இல்லை, பதியம் போட முடியாது. நல்ல மரம் ஒன்று வருடத்துக்கு நூறு சொச்சம் நெற்று தரும், அவ்வளவுதான். ஒட்டுக் கன்று வேண்டுமானால் ஆள் மரம் ஏறி, பாளை வெடித்ததும் ஆண் பூக்களை உதிர்த்து, கதிருக்குப் பை கட்டி, பெண் பூ பக்குவமாகும் நாளில் மகரந்தத்தைத் தூவிவிட்டு, அப்புறம் அது நெற்றாக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். திசு வளர்ப்பு வாழையைத் தலைகீழாக மாற்றியது போலத் தென்னையை மாற்றவில்லை. 2021-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் ஆய்வகத்தில் ஒரு தென்னை முளையில் இருந்து பல முளைகளைப் பெருக்கும் முறையை வெளியிட்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கன்று உங்கள் ஊர் நர்சரியில் வாழைக் கன்று மாதிரி அடுக்கி வைக்கப்படும் நாள் இன்னும் வரவில்லை.

ஆக, தரமான கன்று குறைவு, கேட்பவர் அதிகம். இந்த இடைவெளியில்தான் ரோட்டோரக் கன்று வியாபாரம் நடக்கிறது. பெயர்ப்பலகையில் ஒட்டு ரகம் என்று இருக்கும். தாய் எது, தந்தை எது என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆராய்ச்சியின் பெரிய ஓட்டை ஆய்வகத்தில் இல்லை, நாற்றங்காலில் இருக்கிறது என்பது என் கருத்து. ஜமைக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இதே பைட்டோபிளாஸ்மா வகையைச் சேர்ந்த, ஆனால் மரத்தைக் கொல்லும் மஞ்சள் நோய் நாட்டு நெட்டை மரங்களை லட்சக்கணக்கில் அழித்தது. மலேசியக் குட்டையும், அதைப் பனாமா நெட்டையோடு கலந்த மேபான் என்ற ஒட்டும் தாங்கி நின்றன. தீவு முழுக்க அவற்றையே நட்டார்கள். 1990-களின் பிற்பகுதியில் மறுபடி நோய் வந்தபோது மேபானும் கூட்டமாகச் செத்தது. மரபணுவைச் சோதித்தவர்கள், மலேசியக் குட்டை என்று நட்ட மரங்களில் வேறு ரகக் கலப்பு இருந்ததைக் கண்டு, அது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். கலப்படக் கன்று என்பது நம் ஊர்ச் சாமர்த்தியம் மட்டும் இல்லை போல.

அதனால் கன்று வாங்கும்போது கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆரஞ்சுக் குட்டையைத் தாயாக வைத்த ஒட்டு என்றால், மட்டைக் காம்பின் நிறமே காட்டிக்கொடுக்கும். ஒட்டுக் கன்றின் காம்பு பழுப்பு கலந்து இருக்கும். அப்பட்டமான ஆரஞ்சாக இருந்தால் அது தன் மகரந்தத்திலேயே விளைந்த வெறும் குட்டை. பச்சைக் குட்டை தாயாக இருந்தால் இந்தச் சோதனை செல்லாது. கல்ப சங்கராவின் தாய் பச்சைக் குட்டைதான் என்பதால், அதை எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்பது ஒன்றே உத்தரவாதம். வயது 9 முதல் 12 மாதம், குறைந்தது ஆறு இலை, கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டர், சீக்கிரம் முளைத்தது, இலை சீக்கிரம் பிரியத் தொடங்கியது: எந்த ரகத்துக்கும் இவற்றைப் பாருங்கள். சோனிக் கன்றைப் பாவம் பார்த்து வைத்தால் அறுபது வருடத்துக்குச் சோனி மரம்தான்.

உங்களுக்கு எது? கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது, இளநீர் வியாபாரி வருகிறார் என்றால் கல்பஸ்ரீயோ கல்பரக்ஷாவோ வைக்கலாம். கொப்பரைக்கும் காய்க்கும் என்றால் கல்ப சங்கரா. தண்ணீர் தட்டுப்பாடு என்றால் குட்டை ரகங்களைத் தொடாதீர்கள், முதல் வறட்சியிலேயே வருத்தப்படுவீர்கள். எப்படியானாலும் ஜமைக்காக்காரர் செய்ததைச் செய்யாமல் இரண்டு மூன்று ரகம் கலந்து வையுங்கள். இன்னொன்று: உங்கள் தோப்பிலேயே நோய் மரங்களுக்கு நடுவில் பளிச்சென்று நிற்கும் நெட்டை இருந்தால் பெயின்ட் அடித்துக் குறித்து, ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தேவையானதே அப்படிப்பட்ட மரம்தான். ஆனால் அதன் நெற்றை நீங்களே முளைக்க வைத்து நட்டால் தாயின் குணம் அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம். நெட்டை அயல் மகரந்தச் சேர்க்கை. தந்தை பக்கத்தில் நிற்கும் நோயாளி மரமாகவும் இருக்கலாம்.

இருக்கிற மரங்களை எல்லாம் வெட்ட வேண்டுமா? நோய் இப்போதுதான் தலைகாட்டும் பகுதி என்றால் நோயுற்ற மரங்களை உடனே எடுத்துவிடுவது பக்கத்து மரங்களுக்கு நல்லது. இலங்கையில் 2006 வாக்கில் வெலிகமையில் இதையொத்த ஓலை வாடல் கண்டபோது, லுணுவிலையில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனத்தாரின் வழிகாட்டலில் நோய் எல்லை வகுத்து, மரங்களை வெட்டி, தென்மாவட்டங்களில் இருந்து கன்று வெளியே போகத் தடை போட்டார்கள். பரவும் முன் தடுப்பதற்கு அது சரி. ஆனால் நோய் ஊறிவிட்ட பகுதியில் எல்லாவற்றையும் வெட்டுவதில் அர்த்தம் இல்லை. வருடம் 10 காய்க்கும் குறைவாகத் தரும் மரங்களை எடுத்துவிட்டு, மற்றவற்றைச் சத்துக் கொடுத்துக் காப்பாற்றலாம். 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, மரத்துக்கு வருடம் 50 கிலோ தொழு உரம், யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இரண்டாகப் பிரித்து இடுங்கள். மக்னீசியம் சல்பேட் அரை கிலோ சேருங்கள். பாத்தியில் சணப்பையோ தட்டைப்பயறோ விதைத்துப் பூக்கும்போது மடக்கி விடுங்கள். நோய் போகாது, காய்ப்பு ஓரளவு மீளும்.

மருந்தடிக்கும் ஆசையை அடக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் தென்பட்டு, ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து தோப்பே கறுத்துப் போனது உங்களுக்கே நினைவிருக்கும். அப்போது கையில் கிடைத்த பூச்சிக்கொல்லியை எல்லாம் அடித்தோம். ஈ குறையவில்லை, அதைத் தின்னும் என்கார்சியா குளவி செத்தது. அந்தக் குளவியை யாரும் வெளிநாட்டில் இருந்து வரவழைக்கவில்லை, ஈ வந்த இடத்திலேயே அதுவும் தென்பட்டது. மருந்து அடிக்காத தோப்புகளில் அது பெருகியது. குளவி முட்டையிட்ட ஈக் குஞ்சு கறுத்துவிடும். அப்படிக் கறுத்தவை உள்ள ஓலைத் துண்டை வெட்டி, குளவி இல்லாத மரத்தில் கட்டினால் போதும். கரும்பூசணத்துக்கு மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் அடித்தால் வெயிலில் காய்ந்து ஏடாக உரிந்துவிடும். இரவில் விளக்குப் பொறி, பகலில் விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை. 'ஒன்றும் அடிக்காதே' என்ற அறிவுரையை விவசாயி காதில் ஏற்றுவதுதான் விஞ்ஞானிகளுக்கு மிகக் கடினமாக இருந்தது.

புதுக் கன்று வைத்ததும் காண்டாமிருக வண்டு வரும். குருத்தைத் துளைத்து, விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியது போல முக்கோணத் துண்டுகள் காணாமல் போயிருக்கும். இதற்கு மலேசியாவில் 1963-இல் ஹூகர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த வைரஸ் பசிபிக் தீவுகளைப் பல பத்தாண்டு காப்பாற்றியது. பிறகு குவாம் தீவில் அந்த வைரஸுக்கு அடங்காத வண்டினம் கிளம்பிவிட்டது. நமக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. வண்டு பிறப்பது மரத்தில் இல்லை, உங்கள் எருக்குழியில். குழியைக் கிளறி வெள்ளைப் புழுக்களைப் பொறுக்குங்கள், மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து விடுங்கள், வெட்டிய மரத்துண்டுகளைத் தோப்பில் மட்க விடாதீர்கள். வாடல் மரங்களை வெட்டும் இந்த வருடத்தில் இது உங்களுக்கு மிகவும் முக்கியம். வெட்டிய அடிமரம் அங்கேயே கிடந்தால் அடுத்த வருடம் புதுக்கன்றுக்கு வரும் வண்டு அதிலிருந்துதான் வரும்.

கன்றுக்குப் பதிவு இப்போதே செய்துவிடுங்கள். காயங்குளத்திலும் காசர்கோட்டிலும் கேட்டவுடன் கிடைக்காது, வரிசை இருக்கும். ஆழியார் நகரிலும் என்ன இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். கன்று கைக்கு வருவதற்குள் குழி எடுத்து ஆறப்போட்டு, சணப்பை ஒரு போகம் மடக்கி உழுதுவிடலாம்.